ஒரே ஒரு ஸ்டோக் சிட்டி ஜெர்சி: பாளைக் கடையின் வேலை எப்படி?

திருநெல்வேலியில் அர்ஜென்டினா ஜெர்சிக்கோ பிரேசில் ஜெர்சிக்கோ யாரும் அலைய வேண்டாம். டவுன் ரத வீதி, வண்ணாரப்பேட்டை, பாளை மார்க்கெட் என்று எங்கே போனாலும் கடை வாசலிலேயே தொங்கும். மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட் உண்டு. கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சளும் உண்டு. ஸ்டோக் சிட்டி மட்டும் கிடையாது. 2018-ல் இங்கிலாந்துக் கால்பந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகை விட்டு இறங்கிய அணி அது. மேலே இருந்த பத்து சீசனில் பெரும்பாலும் "பந்தைத் தூக்கி அடிக்கிற கூட்டம்" என்றுதான் பேர் வாங்கியது. ரோரி டெலாப் பக்கக் கோட்டிலிருந்து கோல் முகத்துக்கே பந்தை எறிவார் என்பதைத் தாண்டி இங்கே பலருக்கு அந்த அணியைப் பற்றி எதுவும் தெரியாது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு போனால், அதே கோடு போடுகிற ஸ்பெயின் அணியை நினைத்து "அத்லெட்டிகோவா?" என்றுதான் கேட்பார்கள்.

இங்கிலாந்திலிருந்து அசலையே வரவழைக்கலாம். பெரியவர்கள் அளவு ஐம்பது, அறுபது பவுண்டு. அனுப்புகூலியும் சுங்க வரியும் அதற்கு மேல். அலமாரியில் வைத்துப் பாதுகாக்க ஒன்று வேண்டும் என்றால் அதுதான் சரி, கிளப்புக்கும் காசு போகும். ஆனால் வாரம் மூன்று நாள் டர்ஃபில் புரளப் போகிற சட்டைக்கு அந்த விலை கட்டுபடியாகாது, வளர்கிற பிள்ளைக்கு அறவே ஆகாது. மிச்சம் இருப்பது டோர்னமென்டுக்கு ஜெர்சி அடித்துக் கொடுக்கிற உள்ளூர்க் கடைகள்தான். முருகன்குறிச்சிப் பக்கம் மாடியில் இருக்கும் அப்படியொரு கடையின் வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற கடற்கரை ஊர் அணிகளுக்கு மொத்தமாக அடித்துப் பழகியவர்கள். பல இடங்களில் பதினொன்றுக்குக் கீழே பேச்சே எடுக்க மாட்டார்கள். இங்கே ஒற்றைச் சட்டையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜெர்சிக் கடையின் கைத்திறனை ஒரே நிறச் சட்டையில் கண்டுபிடிக்க முடியாது. நெட்டுக்கோடு போட்ட சட்டையில் எல்லாம் வெளியே வந்துவிடும். காரணம் இதுதான். தாளில் அச்சடித்த மையைச் சூட்டில் துணிக்குள் ஏற்றுவதுதான் சப்ளிமேஷன். அதை இரண்டு விதமாகச் செய்யலாம். தைத்து முடித்த வெள்ளைச் சட்டையை ஹீட் பிரஸ்ஸில் விரித்து மேலே தாளை வைத்து அமுக்குவது ஒன்று. அக்குளிலும் தையல் ஓரத்திலும் துணி மடிந்து நிற்பதால் அங்கே மை ஏறாது. கையைத் தூக்கினால் வெள்ளைக் கீற்று பல்லிளிக்கும். முன்பக்கம், பின்பக்கம், கை என்று துண்டு துண்டாக முதலில் அச்சேற்றி, வெட்டி, அதற்குப் பிறகு தைப்பது இன்னொன்று. இதில் வேலையும் அதிகம், துணியும் கூடுதலாகப் போகும். இந்தக் கடை ஒற்றைச் சட்டைக்கும் இரண்டாவது வழியில்தான் செய்கிறது. கோடு போட்ட அணிக்காரர்கள் வேறு எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது, "அச்சடிச்சிட்டுத் தைப்பியளா, தச்சிட்டு அடிப்பியளா?" என்பதுதான்.

கோட்டுக் கணக்கை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். கடையில் விட்டால் கூகுளில் கிடைக்கும் ஏதாவது ஒரு கோட்டு டிசைனை இழுத்துப் போட்டுவிடுவார்கள். 40 அளவுச் சட்டை என்றால் முன்பக்கம் தைத்து முடித்த அகலம் 20 இஞ்ச். நடுவில் சிவப்புக் கோடு வர வேண்டும். ஒரு கோடு இரண்டரை இஞ்ச் என்று வைத்தால் ஏழு முழுக் கோட்டுக்குப் பதினேழரை இஞ்ச் போகும். மீதி இரண்டரையை இரண்டாகப் பிரித்து, இடது ஓரம் ஒன்றேகால், வலது ஓரம் ஒன்றேகால் என்று அரைக் கோடாக வைக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஓரத்துக்கு வருவது சிவப்பு. பின்பக்கமும் அப்படியே வந்தால் விலாத் தையலில் இரண்டு அரைச் சிவப்பும் சேர்ந்து ஒரு முழுக் கோடாகிவிடும், கோடு சட்டையைச் சுற்றி முறியாமல் ஓடும். ஓரத்திலும் முழுக் கோடாக வைத்த சட்டைகளில் விலாவில் ஐந்து இஞ்சுக்குச் சிவப்புப் பட்டை நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலான உள்ளூர்க் கோட்டு ஜெர்சிகளின் குறையே இதுதான்.

தையலுக்குள் போகிற அரை இஞ்சை இந்த 20-க்கு வெளியே, இரண்டு பக்கமும் சிவப்பாகவே நீட்டி வரையச் சொல்ல வேண்டும். அதை மறந்தால் தையல் திறக்கும் இடத்தில் வெள்ளை தெரியும். இன்னொன்று: சூட்டில் பாலியஸ்டர் துணி கொஞ்சம் சுருங்கும். முன்துண்டும் பின்துண்டும் ஒரே சுருளிலிருந்து, ஒரே திசையில் வெட்டியதாக இருந்தால் சுருக்கமும் ஒன்றுபோல இருக்கும், கோடு பொருந்தும். மிச்சத் துணியில் பின்பக்கத்தை வெட்டினால் கால் இஞ்ச் தள்ளிப்போகும். இந்தக் கடையில் உடல்துண்டு இரண்டும் அச்சாகப் பொருந்துகிறது. கை மட்டும் கோட்டை விட்டு விலகுகிறது. தோள் வளைவில் கோட்டைச் சேர்ப்பது கஷ்டமான வேலை, அதற்கு இவர்கள் மெனக்கெடுவதில்லை. கையை ஒரே சிவப்பாக அடிக்கச் சொல்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது சிவப்பு. திரையில் பார்க்கிற சிவப்பு துணியில் வராது. டிசைன் போடுகிற கோரல் டிரா மென்பொருளில் மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று வைத்தால் நல்ல சிவப்பு வரும். மஞ்சள் குறைந்தால் ரோஜா நிறத்துக்குச் சாயும், கறுப்பு கலந்தால் மெரூன் ஆகிவிடும். தாளில் அச்சானதும் மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சூடு பட்டதும் நிறம் எழும். பிரஸ் 200 டிகிரிப் பக்கம், முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை. சூடு குறைந்தாலோ நேரம் குறைந்தாலோ சிவப்பு வெளுத்து, பழைய சட்டை போல இருக்கும். கூடினால் வெள்ளைக் கோடு லேசாகப் பழுக்கும், துணியில் பளபளப்பு ஏறும். அமுக்கும்போது தாள் ஒரு நூல் நகர்ந்தாலும் கோட்டு ஓரத்தில் நிழல் விழும். மழைக்காலத்தில் தாளும் துணியும் ஈரம் இழுத்திருந்தால் திட்டுத் திட்டாக வரும். துணியை முதலில் வெறுமனே சில விநாடி அமுக்கி ஈரத்தைப் போக்க வேண்டும். இந்தக் கடையில் அதைச் சொல்லாமலேயே செய்கிறார்கள். நான்கு இஞ்ச் சாம்பிள் துண்டு கேட்டாலும் அடித்துக் காட்டுகிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் அதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் எல்லாச் சிவப்பும் நல்ல சிவப்புதான்.

துணியில் இரண்டு ரகம் வைத்திருக்கிறார்கள். 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) மெல்லிசு. விலை குறைவு, வியர்வை காய்ந்துவிடும். ஆனால் வெள்ளைக் கோடு வழியாக உடம்பு தெரியும். 160 ஜிஎஸ்எம் டாட் நிட்தான் நம் ஊர் வெயிலுக்கும் கோட்டுச் சட்டைக்கும் சரி. எதுவானாலும் முழுப் பாலியஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி கலந்தால் சப்ளிமேஷன் மை அந்த நூலில் பிடிக்காது, நாலு துவைப்பில் சிவப்பு சாம்பல் பூத்துவிடும். சந்தேகம் இருந்தால் வெட்டிப் போட்ட துண்டிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான சிறு மணியாக நிற்கும். பருத்தி, காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகி உதிரும்.

தையல் திருப்தி. விலாவில் நான்கு நூல் ஓவர்லாக், கீழ் மடிப்பில் ஃபிளாட்லாக். மடிப்புக்குச் சிவப்பு நூல் போட்டால் வெள்ளைக் கோட்டின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும், வெள்ளை நூல் போட்டால் சிவப்பின் மேல் தெரியும். கீழ் ஓரத்தில் ஒரு இஞ்சுக்குச் சிவப்புப் பட்டை வரைந்துவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. கழுத்துக்கு ரவுண்ட், வி என்று இரண்டே வகைதான். ரிப் காலர் கேட்டால் வெளியிலிருந்து வாங்கி வைத்துத் தைக்கிறார்கள், அந்த ரிப்பின் சிவப்பு சட்டையின் சிவப்போடு சேரவில்லை. வெள்ளை ரவுண்ட் கழுத்தே போதும்.

சின்னத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிளப்பின் சின்னம் அவர்களுடைய பதிவு முத்திரை, அதை அப்படியே அடித்துத் தர இந்தக் கடை மறுக்கிறது. அது சரியான முடிவு. கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். விளம்பரப் பெயரும் தேவையில்லை: ஸ்டோக்கின் மைதானத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிற பெட்365 ஒரு சூதாட்ட நிறுவனம், அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை நெஞ்சில் சுமக்க வேண்டாம். நெஞ்சு காலியாக இருந்தால் கோடு எடுப்பாகத் தெரியும், பழைய காலத்துச் சட்டையின் அழகு வந்துவிடும்.

சின்னத்துக்குப் பதிலாக ஒரு பானை வரையலாம். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் மண்பாண்டத் தொழிலால் பேர் பெற்ற ஊர், அணியின் பட்டப்பெயரே பாட்டர்ஸ், அதாவது குயவர்கள். காருக்குறிச்சிப் பானை செய்கிற சீமையில் அந்த அணிக்கு ஆள் இருப்பதைச் சொல்ல இதைவிட நல்ல அடையாளம் இருக்க முடியாது. கீழே "நெல்லை" என்று தமிழில் போட்டுக்கொள்ளலாம். இரண்டரை இஞ்ச் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். எம்ப்ராய்டரி வேண்டும் என்றால் சட்டை மேல் நேரடியாகப் போடச் சொல்லாதீர்கள், மெல்லிய நிட் துணி சுற்றிலும் சுருங்கி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். தனித் துணியில் பேட்ச்சாகப் போட்டு, அதை ஓரம் தைத்து ஒட்ட வேண்டும். கழுத்தின் உள்பக்கம் 1972 என்று சிறிதாக அடிக்கலாம். வெம்ப்ளியில் செல்சியை 2-1 என்று வென்று லீக் கோப்பையை எடுத்த வருடம். அணியின் ஒரே பெரிய கோப்பை அதுதான்.

முதுகில் எண் போடும்போது கோட்டின் மேலேயே போட்டால் பத்தடி தூரத்தில் படிக்க முடியாது. பின்துண்டில் பதினோரு இஞ்ச் சதுரத்துக்குக் கோட்டை நிறுத்தி, வெறும் சிவப்பாக விட்டு, வெள்ளையில் எட்டு அல்லது ஒன்பது இஞ்ச் எண் போட வேண்டும். 7 என்றால் ஸ்டான்லி மேத்யூஸ் நினைவுக்கு வருவார். 1932-ல் இந்த அணிக்காக இறங்கியவர், இதே அணியில் 1965-ல் ஐம்பது வயதில் கடைசி ஆட்டம் ஆடினார். அணியின் பழைய கோல்கீப்பர் கார்டன் பேங்க்ஸுக்காக 1 கேட்பவர்கள் கோட்டுச் சட்டையில் கேட்காதீர்கள், கோல்கீப்பருக்குத் தனி நிறம். எண்ணையும் சப்ளிமேஷனிலேயே சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். பிறகு டிடிஎஃப், அதாவது பிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கராக ஒட்டினால் வியர்வை அந்த இடத்தில் தேங்கும், நாளடைவில் விளிம்பு பிளந்து உரியும்.

கடையில் ஆட்களின் பேச்சும் பொறுமையும் நன்றாக இருக்கிறது. "அண்ணாச்சி, இந்த டீம் யாரும் கேட்டதில்லையே" என்பார்கள், ஆனால் மெஸ்ஸி சட்டைக்கு மாற்றிவிடப் பார்ப்பதில்லை. டிசைன் போடுகிறவர் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் இருப்பார், காலையில் போனால் வீண் நடை. படத்தை வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, பானையின் ஓரம் பொடிப்பொடியாக அச்சாகும். அளவுக்கு உடம்பை அளக்காமல், உங்களுக்குச் சரியாக இருக்கிற ஒரு சட்டையைக் கொண்டுபோய் மேசையில் விரித்து அளக்கச் சொல்லுங்கள். 160 ஜிஎஸ்எம் அரைக்கைச் சட்டை ஒன்றுக்கு 650 ரூபாய், பேட்ச்சுக்கு 80 தனி. பதினொன்று சேர்ந்தால் ஒன்று 380-க்கு வரும். ஒற்றைச் சட்டைக்கு இது நியாயமான விலைதான். ரசீது கேட்டால்தான் தருகிறார்கள். முன்பணம் கொடுக்கும்போதே எண், அளவு, துணி ரகம் மூன்றையும் அதில் எழுதி வாங்குங்கள்.

துவைக்கும்போது உள்பக்கம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போட வேண்டும். பிளீச்சிங் பவுடர் வெள்ளைக் கோட்டுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சிவப்பு போய்விடும். உப்புப் போர் தண்ணீர் உள்ள வீடுகளில் கடைசி அலசலை நல்ல தண்ணீரில் செய்யாவிட்டால் துணி விறைத்துப்போகும். முதல் துவைப்பில் வெள்ளைக் கோட்டில் சிவப்பு இறங்கினால் அது சப்ளிமேஷன் வேலை அல்ல, சட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம்.

சாதாரண நாளில் ஆறு நாளில் கைக்கு வரும். பொங்கலை ஒட்டியும், ஏப்ரல் மே கோடை டோர்னமென்ட் சமயத்திலும் மூன்று வாரம் ஆகும். மொத்த ஆர்டரை முடித்துவிட்டுத்தான் ஒற்றைச் சட்டையைத் தொடுவார்கள். பிரீமியர் லீகுக்கு அடுத்த நிலை லீகான சாம்பியன்ஷிப் ஆகஸ்டில் தொடங்கும், அதனால் ஜூன் கடைசியில் டிசைனைக் கொடுத்துவிடுவது நல்லது. அப்போது பிரஸ்ஸும் ஓய்வாக இருக்கும், சாம்பிளை இரண்டு தடவை மாற்றிக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் அடித்துத் தருவார்கள்.