படுக்கைப்புண்: காற்று மெத்தையா, திருப்பிப் படுக்கவைக்கும் கையா?

முதியோர் இல்லத்தில் எழ முடியாமல் கிடப்பவருக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஒன்று, மோட்டார் வைத்த காற்று மெத்தை. இன்னொன்று, ஆள் வந்து சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது.

மெத்தையின் காற்றறைகள் மாறி மாறி உப்பி இறங்குவதால் ஒரே இடத்தில் அழுத்தம் நிலைப்பதில்லை. நல்ல கருவிதான். ஆனால் நனைந்த துணியை அது மாற்றாது.

திருப்புகிற கையோடு கண்ணும் வருகிறது. பிட்டத்துக்கு மேலே, இடுப்பெலும்பில், குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்கிறதா என்று பார்க்கலாம். வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். (கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, சூட்டையும் கெட்டிப்பையும் தொட்டுத்தான் அறிய வேண்டும்.) அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. முழுப் பக்கவாட்டில் கிடத்தாமல் 30 டிகிரி சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தால் இடுப்பெலும்பும் தப்பிக்கும்.

என்னைக் கேட்டால் கைதான் முதலில், மெத்தை அதற்குத் துணை. "காற்று மெத்தை போட்டிருக்கிறோமே" என்று சொல்லித் திருப்பாமலே விடும் இல்லத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம். பார்க்கப் போகும்போது திருப்பிய நேரத்தைக் குறித்த தாளைக் கேளுங்கள். அப்புறம், போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள்.