மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வந்தால்: மூன்று செப முறைகள்

கண்ணை மூடி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்பது திடீரென்று நினைவுக்கு வருகிறது. அந்த நினைவை என்ன செய்வது? கத்தோலிக்க மரபில் இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் மூன்று முறைகள் இதற்கு மூன்று வேறு பதில்கள் தருகின்றன. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் காட்சித் தியானம், அதாவது நற்செய்திக் காட்சியை மனத்தில் கண்டு செபிப்பது, ஒன்று. ஜான் மெயின் கற்பித்த கிறிஸ்தவ தியானம் இன்னொன்று. தாமஸ் கீட்டிங் பெயரோடு அறியப்படும் சென்டரிங் பிரேயர் மூன்றாவது. கடைசி இரண்டையும் ஒன்றென்றே பலர் நினைத்து, ஒன்றின் விதியை மற்றொன்றில் கலந்து, இரண்டிலும் தடுமாறுகிறார்கள்.

நம் பங்குக் கோவில்களில் ‘தியானம்’ என்றால் மூன்று நாள் பிரசங்கம், ஒப்புரவு (பாவ அறிக்கை), குணமளிக்கும் வழிபாடு என்றுதான் முதலில் பொருள்படும். இங்கே பேசுவது அதையல்ல, தனியாகவோ சிறு குழுவாகவோ அமைதியில் செய்யும் செபத்தை.

இஞ்ஞாசியார் முறையில் மனம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அதற்கு வேலை உண்டு. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் தந்த, அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூல் இதைப் படிப்படியாகச் சொல்கிறது. உட்காருமுன் இடத்திற்கு ஓரிரு அடி தள்ளி, ஒரு ‘பரலோக மந்திரம்’ சொல்லும் நேரம் நின்று, கடவுள் என்னை எப்படிப் பார்க்கிறார் என்று எண்ண வேண்டும். பிறகு ஆயத்தச் செபம். அடுத்து நிகழ்ச்சியை நினைவுபடுத்தி, இடத்தை மனத்தில் அமைத்து, வேண்டும் வரத்தைக் கேட்க வேண்டும். அதன்பின் ஆட்களைப் பார்ப்பது, அவர்கள் பேசுவதைக் கேட்பது, செய்வதைக் கவனிப்பது. முடிவில் ஆண்டவரோடு நண்பனிடம் நண்பன் பேசுவது போல் உரையாடல். மொத்தம் ஒரு மணி நேரம். முடிந்ததும் கால் மணி நேரம், உட்கார்ந்தோ நடந்துகொண்டோ, செபம் எப்படிப் போயிற்று என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு நற்செய்திக் காட்சி: எரிகோ சாலையோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு கத்துகிறார்; இயேசு நின்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும்போது கல்லூரிக் கட்டணம் வந்தால், அது கவனச்சிதறலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதையே அவரிடம் சொல்லலாம். அங்கே மனம் தங்கினால், அடுத்த காட்சிக்கு ஓடாமல் தங்கிவிட வேண்டும் என்பதும் நூலின் விதிதான். மாறாக, எந்த வங்கியில் கடன் வாங்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால் சாலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இதில் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றே: காட்சியை அலங்கரிப்பதிலேயே நேரம் போய்விடும். எரிகோவின் ஈச்சமரம், தூசி, கூட்டத்தின் உடை என்று நாற்பது நிமிடம் படம் பிடித்துவிட்டு, உரையாடலுக்கு இரண்டு நிமிடம்கூட மிஞ்சாது. மறையுரை ஆற்றுகிறவர்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் வேறொரு தொல்லை. பகுதியை வாசித்ததும் ஞாயிறு மறையுரைக்குக் குறிப்புகள் உள்ளே ஓடத் தொடங்கும். மூன்று நிமிடத்தில் இடத்தை அமைத்துவிட்டு ஆட்களிடம் போய்விடுவதே இரண்டுக்கும் மருந்து. படமே மனத்தில் எழாதவர்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டால் போதும். படம் தெளிவாக இருப்பது இங்கே அளவுகோல் அல்ல.

ஜான் மெயின் முறைக்கு நமக்கு நெருக்கமான ஒரு வேர் உண்டு. 1950களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்தபோது, கோலாலம்பூரில் சுவாமி சத்யானந்தாவிடம் அவர் மந்திர தியானம் கற்றார். பிறகு லண்டனில் ஈலிங் ஆசீர்வாதப்பர் மடத்தில் சேர்ந்தபோது அதை விடச் சொன்னார்கள், விட்டார். பல ஆண்டுகள் கழித்து, பழங்காலத் துறவி ஜான் கசியானின் ‘உரையாடல்கள்’ நூலின் பத்தாம் உரையாடலில் அதே வழியைக் கண்டார். ஒரே வசனத்தை இடைவிடாமல் சொல்லும் வழி அது. கசியான் சொன்ன வசனம், இன்றும் திருப்புகழ்மாலையின் (திருச்சபையின் அன்றாட நேரச் செபங்களின்) தொடக்கத்தில் சொல்லும் திருப்பாடல் 70இன் முதல் வசனம். மெயின் 1975இல் ஈலிங்கில் தியானக் குழுவைத் தொடங்கினார். 1982இல் அவர் இறந்தபின், 1991இல் உலக அளவில் ஒரு சமூகம் உருவானது. அது உருவான கருத்தரங்கை நடத்தியவர் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் ஆசிரமத்தின் துறவி பீட் கிரிஃபித்ஸ்.

முறை எளிது. முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, ‘மாரனாதா’ (1 கொரி 16:22) என்ற அரமேயச் சொல்லை உள்ளுக்குள் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் சொல்வது. காலை 20 முதல் 30 நிமிடம், மாலையும் அவ்வளவே. நான்கு அசையும் சம நீளம் பெற வேண்டும். தமிழ் நாக்குக்கு இங்கே ஒரு சிக்கல்: ‘ர’ குறில் என்பதால் அதை விழுங்கிவிடுவோம், சொல் நொண்டும். மா–ரா–நா–தா என்று நான்கையும் நெடிலாகவே நீட்டினால் சீராகும்.

கல்லூரிக் கட்டணம் வந்தால்? வரட்டும். சொல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். எண்ணத்தை விரட்ட வேண்டாம், ஆராய வேண்டாம். சொல் நின்றுபோனதைக் கவனித்தால் மறுபடி தொடங்க வேண்டும். அமைதி வந்துவிட்டதே, இனி எதற்குச் சொல் என்று வேண்டுமென்றே நிறுத்துவதைத்தான் மெயின் கண்டித்தார். அந்த இதமான மயக்கத்தை செபம் என்று எண்ணிவிடுவோம் என்பது அவர் கவலை.

சென்டரிங் பிரேயரில் இதற்கு நேர்மாறு. 1970களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஸ்பென்சர் ஊரின் டிராப்பிஸ்ட் துறவிகள் மடத்தில் வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன், தாமஸ் கீட்டிங் மூவரும் இதை வடிவமைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘அறியாமையின் மேகம்’ இதற்கு அடித்தளம். இங்கே சொல் திரும்பத் திரும்பச் சொல்ல அல்ல. கடவுளின் உடனிருப்புக்கும் செயலுக்கும் ‘சரி’ என்று இசைவதன் அடையாளம் அது. எண்ணத்தில் சிக்கிக்கொண்டதை உணரும்போது மட்டும் மெல்ல அதற்குத் திரும்ப வேண்டும். சிக்காதபோது அது தேவையில்லை. 20 நிமிடம், தினம் இரண்டு முறை. முடிவில் கண்ணைத் திறக்காமல் இரண்டு நிமிடம் அமைதி.

ஆக, கட்டணம் ஓர் ஓடம் போலக் கடந்துபோனால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஓடத்தில் ஏறிவிட்டீர்கள் என்று தெரிந்தால் சொல்லுக்குத் திரும்புங்கள். சொல்லைத் தடியாக்கி எண்ணங்களை அடிப்பவர்கள் அரை மணிக்குள் தலைவலியோடு எழுவார்கள். ‘அப்பா’, ‘அன்பு’ போன்ற சிறு சொல் போதும். உட்கார்ந்தபின் அதை மாற்றக் கூடாது. அண்மையில் தந்தையை இழந்தவருக்கு ‘அப்பா’ பொருந்தாது: அந்தச் சொல்லே எண்ணங்களின் வாசலாகிவிடும்.

ஆன்மீக வழிகாட்டியின் வேலையும் முறைக்கு முறை மாறுகிறது. ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. இஞ்ஞாசியார் முறையில் வழிகாட்டி அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடந்ததைக் கேட்பார்: எங்கே மனம் இளகியது, எங்கே வறண்டது, எங்கே தப்பி ஓடியது. பாவங்களின் பட்டியல் அவருக்கு வேண்டாம். அது ஒப்புரவுக்கு உரியது. மற்ற இரண்டிலும் அந்த 20 நிமிடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லத் தேடுவதே தவறு. மீதி நேரத்தைத்தான் அவர் கேட்க வேண்டும்: வீட்டில் கோபம் குறைந்திருக்கிறதா, பிடிக்காதவரோடு பேச முடிகிறதா, திருப்பலியிலும் விவிலியத்திலும் பசி கூடியிருக்கிறதா? வாரக் குழு மட்டும் போதும் என்று வழிகாட்டியே இல்லாமல் போவதுதான் இந்த இரண்டு முறைகளின் பலவீனமான பக்கம். அதிலும் சென்டரிங் பிரேயரில் பழைய காயங்கள் மேலே வரும். அப்போது நேரத்தைக் கூட்டுவது ஆபத்து. குறைத்துவிட்டு யாரிடமாவது பேச வேண்டும்.

எந்த முறை உயர்ந்தது என்ற வாக்குவாதத்தில் கிறிஸ்தவ தியானம் பற்றிய, 1989 அக்டோபர் 15ஆம் நாளிட்ட வத்திக்கான் மடலை எடுத்து வீசுகிறார்கள். சென்டரிங் பிரேயர் என்ற பெயர் அதில் இல்லை. உடலும் மூச்சும் தரும் இதத்தை தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடாதீர்கள் என்பது அதன் எச்சரிக்கைகளுள் ஒன்று. இது மூன்று முறைக்காரர்களுக்கும் பொருந்தும்.

சொல்லற்ற அமைதி மேல்படி, கற்பனை கீழ்ப்படி என்று எண்ணி முறை மாறுகிறவர்கள்தான் அதிகம் இடறுகிறார்கள். எப்போது மாறலாம் என்பதற்குப் புனித சிலுவை யோவான் ‘கார்மேல் மலை ஏற்றம்’ இரண்டாம் நூலில் மூன்று அடையாளங்கள் தருகிறார். கற்பனையோடு தியானிக்க முடியவில்லை, அதில் சுவையும் இல்லை. வேறு எதிலும் மனத்தைச் செலுத்த ஆசையும் இல்லை. குறிப்பாக எதையும் எண்ணாமல், அன்போடு கடவுள்மேல் கவனமாகத் தனித்திருக்கப் பிடிக்கிறது. மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். முதலாவது மட்டும் என்றால் அது வெறும் அசட்டையாக இருக்கலாம். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாவிட்டால் உடல் சார்ந்த மனச்சோர்வாக இருக்கலாம் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே அவர் எழுதிவிட்டார். அப்படிப்பட்டவரிடம் வழிகாட்டி தூக்கம், பசி, வேலை பற்றிக் கேட்டு, தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதற்கு ‘இருண்ட இரவு’ (கடவுள் தரும் ஆன்மீக வறட்சி) என்று பெயர் சூட்டி இன்னும் நீண்ட அமைதியில் உட்காரவைப்பது கொடுமை.

புதிதாகத் தொடங்குகிறவர் வேறு காரணம் இல்லாவிட்டால் நற்செய்திக் காட்சியில் தொடங்கலாம். ஒரு மணி முடியாவிட்டால் அரை மணி. ஏற்கெனவே பல ஆண்டு விவிலியத்தோடு வாழ்ந்து, மூன்று அடையாளங்களும் தெரிகிறவருக்கு மற்ற இரண்டில் ஒன்று. மனம் ஓடிக்கொண்டே இருக்கும் சுபாவம் என்றால் மெயின் முறை. விடாத சொல் அதற்குப் பிடி. சொல்லைச் சொல்வதே வேலையாகி இறுக்கம் தந்தால் கீட்டிங் முறை. எதைத் தேர்ந்தாலும் ஆறு மாதமாவது அதிலேயே இருங்கள். வறட்சியில் இருக்கும்போது முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் ஐந்தாம் விதி. முறை மாற்றத்துக்கும் அது பொருந்தும். வறட்சி வந்த நாளில் குறித்த நேரத்துக்கு மேல் ஓரிரு நிமிடம் கூடுதலாக உட்காருங்கள். தேதியையும் அன்று நடந்ததையும் இரண்டு வரி எழுதி, அடுத்த மாதம் வழிகாட்டியைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள்.