அம்மா ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் எங்கே?

எங்கள் காம்பவுண்டில் எதிர்வீட்டு அக்கா சித்தாள் வேலைக்குப் போகிறவர். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்காரர் உயிரோடு இல்லை. அன்று ராத்திரி எங்கள் திண்ணையில் இரண்டு பிள்ளைகள். ஒன்றாவது படிக்கும் மகள் அம்மாவின் பழைய சேலையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். ஆறாவது படிக்கும் அண்ணன் இரண்டு பேருடைய புத்தகப் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, “நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணுமா அத்தை?” என்று கேட்டான்.

குறைந்தது இரண்டு மாதம் படுக்கை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காம்பவுண்டில் ஆளுக்கொரு யோசனை: சித்தி வீடு, அரசு விடுதி, ஏதாவது ஒரு இல்லம். அலைந்து திரிந்து நான் தெரிந்துகொண்டதை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

விடுதியை முதலிலேயே கழித்துவிடலாம். ஆதிதிராவிடர் நல விடுதியானாலும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியானாலும் நாலாம் வகுப்பிலிருந்துதான் சேர்ப்பார்கள். சின்னவளுக்கு அங்கே இடமே இல்லை. பொங்கல் லீவு விட்டால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எந்த வீட்டுக்கு? விடுதி படிப்புக்கான இடம், இப்படி நடுராத்திரியில் வரும் கஷ்டத்துக்கானது அல்ல.

குழந்தைகள் இல்லத்தின் பெரிய பலம், அதன் கதவு எந்த நேரமும் திறக்கும் என்பது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தால் ஆள் வருவார்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை எங்கே இருப்பது என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது அது. குழு கூடாத வேளையில் ஓர் உறுப்பினர் முன்னாலும் கொண்டுபோகலாம். அனாதைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் பெற்றோர் இருந்தாலும் அந்தப் பிள்ளை இந்தச் சட்டத்துக்குள் வரும். வேளைக்குச் சோறு, படுக்க இடம், உடம்புக்கு வந்தால் வைத்தியம், எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஒருவர் அங்கே உண்டு.

ஆனால் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி இல்லங்கள். அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று ஆகிவிடலாம். அம்மாவைப் பிரிந்த அதே வாரத்தில் அண்ணனையும் பிரிவதை ஆறு வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்? போன பிள்ளை எப்போது திரும்பும் என்பது அடுத்த கவலை. பிள்ளையின் குடும்ப நிலையை அறியும் சமூக விசாரணையை 15 நாளிலும் இறுதி உத்தரவை 4 மாதத்திலும் முடிக்கச் சட்டம் சொல்கிறது. பின்னாலேயே போய்க் கேட்க வெளியே ஆள் இருந்தால்தான் இந்தக் கெடு உயிரோடு இருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளே ஒருவர் வந்து, இலவசச் சாப்பாடு, இங்கிலீஷ் மீடியம் என்று ஒரு தனியார் இல்லத்தைச் சொன்னார். பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறையோ, குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதமோ உண்டு. மாமல்லபுரம் இல்லங்களைப் பற்றி 2007-இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்திதான் உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-இல், எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யச் சொல்லும் தீர்ப்பில் முடிந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பட்ட பாட்டில் வந்த தீர்ப்பு அது. கையெழுத்துப் போடும் இடத்திலும் கவனம் வேண்டும். தற்காலிகமாகத் தங்க வைப்பது வேறு, பெற்றோர் உரிமையையே விட்டுப் பிள்ளையை ஒப்படைத்துவிடுவது வேறு. ஒப்படைப்பில் மனம் மாற 2 மாதம்தான் அவகாசம். வலியில் படுத்திருக்கும் அம்மாவிடம், படித்துக் காட்டாமல் எந்தக் காகிதத்திலும் ரேகை வாங்க விடாதீர்கள்.

வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடும் இதே சட்டத்தில் உண்டு. தத்து அல்ல, குழு தேர்ந்தெடுத்த ஒரு குடும்பத்தில் கொஞ்ச காலம் வளர்வது. இல்லத்தைவிட இது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டை வந்து பார்த்து, விசாரித்து, உத்தரவு போட்டுத்தான் குடும்பத்தை முடிவு செய்ய முடியும். முன்கூட்டியே தயாராக இருக்கும் குடும்பங்கள் இல்லாவிட்டால், இன்று ராத்திரிக்கு இது உதவாது.

மிஞ்சியது சித்தி வீடு. திருப்பூரில் ஒரே அறை, அவருக்கே இரண்டு பிள்ளைகள். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் மாறும். பெரியவனைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பினால் என்ன என்று நாலாவது நாளே ஒரு குரல் வந்தது. சொந்தக்காரர் வீடு என்றால் செலவில்லை என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளை வளர்க்கும் உறவினர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது, அந்தச் செலவு உண்மையானது என்பதால்தான். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். விதவைத் தாயின் பிள்ளைகளும், பெற்றோர் உடல் முடியாமல் கிடக்கும் பிள்ளைகளும் கேட்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். பணம் உடனே வராது. அதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாங்கள் கடைசியில் செய்தது இந்த நான்கில் எதுவும் இல்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து அம்மாச்சியைக் கூட்டிவந்து அந்த வீட்டிலேயே வைத்தோம். பிள்ளைகளை இடம் மாற்றாமல் பெரியவரை இடம் மாற்றும் இந்த வழியை முதல் நாளே யாரும் நினைக்கவில்லையே என்று இப்போதும் எனக்கு வருத்தம்தான். அதே பாய், அதே பள்ளிக்கூடம், தெருமுனையில் அதே பெட்டிக்கடை. இதிலும் கஷ்டம் இருந்தது. அம்மாச்சிக்கு நூறு நாள் வேலைக் கூலி போயிற்று, ராத்திரியில் கண் சரியாகத் தெரியாது. இரவுச் சமையல் காம்பவுண்டில் முறை போட்டு நடந்தது. குழந்தைகள் நலக் குழுவிலும் விஷயத்தைச் சொல்லி, நிதி ஆதரவுக்கு மனு கொடுத்தோம். அப்படி யாருமே வர முடியாத குடும்பத்துக்கு, பதிவு பெற்ற இல்லத்தையே நான் தயங்காமல் சொல்வேன். அண்ணன் தங்கையைச் சேர்த்து வைக்கும் இடம் கேளுங்கள், வாரா வாரம் போய்ப் பாருங்கள், திரும்பும் தேதியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

அறுபத்து மூன்றாம் நாள் அக்கா வாக்கரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். சின்னவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய் அந்தச் சேலையை எடுத்து வந்து, அம்மா உட்காரப்போகும் நாற்காலியில் விரித்தாள்.