பைத்தானில் மேட்லேப் கோப்புகள்: பல வருடப் பழக்கத்தில் கண்டது

பினாங்கு பாயான் லெப்பாஸில், சிப் சோதனை இயந்திரங்களின் அதிர்வு அளவீடுகளை அலசுவது என் வேலை. அளவெடுக்கும் குழு மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் சேமித்து அனுப்பும், நான் பைத்தான் நிரல்மொழியில் படிப்பேன். பல வருடமாக இதற்கு சைபை என்ற பைத்தான் நூலகத்தின் லோட்மேட்தான், மேட்லேப் கோப்பைப் படிக்கும் கட்டளை அது. யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு அமைப்பை மட்டும் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

போன முறை பயிற்சிக்கு வந்த தம்பி திரையைக் காட்டி, "அண்ணே, மூணுல அஞ்சு போனா 254-னு வருது, எப்படி?" என்று கேட்டான். கணக்கு பிசகவில்லை, சேமித்த விதம்தான் காரணம். மேட்லேப்பில் எண்கள் இயல்பாக டபுள் வகை, அதாவது தசமமும் மைனஸும் ஏற்கும் எண்கள். ஆனால் ஓர் அணியில் எல்லாமே சிறிய முழு எண்கள் என்றால், இடம் மிச்சப்படுத்த அதை 8 பிட் எண்களாகவே கோப்பில் எழுதிவிடும். லோட்மேட் அதை அப்படியே யுஇன்ட்8, அதாவது மைனஸ் இல்லாத 8 பிட் முழு எண், ஆகக் கொடுக்கும். அந்த வகையில் 0 முதல் 255 வரைதான் இடம். மைனஸ் 2 சுற்றிக்கொண்டு 254 ஆகிவிடும், அணியாகக் கழிக்கும்போது எச்சரிக்கை ஒன்றும் வராது. இதில் மோசம் என்னவென்றால், அதே நிரல் தசம எண் உள்ள கோப்பில் சரியாக ஓடும். அதனால் சோதித்துப் பார்த்தும் பிடிபடாது. நான் மாற்றச் சொன்ன அமைப்பு லோட்மேட்டின் மேட்_டிடைப். அதை ட்ரூ ஆக்கினால் மேட்லேப்பில் இருந்த வகையிலேயே வரும். இதுவே இயல்பாக இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்ட்ரக்ட்களை, அதாவது பல மதிப்புகளைப் பெயரிட்டுத் தொகுத்து வைக்கும் வகையை, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைபை 1.5-இல் வந்த சிம்ப்ளிஃபை_செல்ஸ் அமைப்பை ட்ரூ ஆக்கினால் அவை பைத்தானின் சாதாரண டிக்‌ஷனரிகளாக வந்துவிடுகின்றன. அதற்கு முன் ஒரு மதிப்பை எடுக்க அடைப்புக்குறிக்குள் சுழியம், மறுபடி சுழியம் என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். கோப்பில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க சைபையின் ஹூஸ்மேட் கட்டளை போதும், முழுதும் ஏற்ற வேண்டாம்.

மேட்லேப்பின் வி7.3 வடிவக் கோப்பு வந்தால் லோட்மேட் கைவிரித்துவிடும். உள்ளே இருப்பது எச்டிஎஃப்5 என்ற பொதுத் தரவு வடிவம், அதற்கு எச்5பை என்ற வேறொரு பைத்தான் நூலகம் வேண்டும். அதில் அச்சுகள் தலைகீழாக வரும்: 1000 வரிசை, 8 உணரி என்று சேமித்தது 8×1000 ஆகத் தெரியும். மேட்லேப் நெடுவரிசைவாரியாகவும் எச்5பை கிடைவரிசைவாரியாகவும் அடுக்குவதே காரணம். சதுர அணி என்றால் கண்ணுக்கே படாது, அங்கேதான் உஷார். எழுத்துகளோ வெறும் எண் குறிகளாக வரும்.

தேதிக்கும் ஒரு சொல். மேட்லேப்பின் பழைய முறையில் தேதி என்பது நாள்களை எண்ணும் ஓர் எண். அதில் 366-ஐக் கழித்தால்தான் பைத்தானின் நாள் எண்ணோடு பொருந்தும்.

இப்போது எங்கள் குழுவிடம் 2 ஜிபிக்கு மேல் போகாத மாறிகளை லோட்மேட் படிக்கும் பழைய வி7 வடிவத்திலேயே சேமிக்கச் சொல்லியிருக்கிறேன். டேபிள், டேட்டைம் வகைகளையும் அனுப்ப வேண்டாம், லோட்மேட்டுக்கு அவை புரியாது. தேதி எண்ணாகவும் சாதாரண அணியாகவும் மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன், அப்படியே செய்கிறார்கள்.