மனச்சோர்வுக்கு மூலிகையா, கிளினிக் குளிசையா? மலையகத்திலிருந்து ஓர் ஒப்பீட்டு அலசல்

ஹட்டன் பக்கத்தில் ஆசிரியராக வேலை பார்க்கும் எனக்கு நடுத்தர அளவிலான மனச்சோர்வு இருப்பதாக உளநல வைத்திய அதிகாரி கூறியபோது, தெரிவு செய்வதற்கு மூன்று வழிகள் இருந்தன. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் ஃபுளுவோக்செடின் குளிசை ஒன்று. கனடாவிலுள்ள உறவினர் அனுப்பிவைத்த, செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்னும் மேல்நாட்டு மூலிகைக் கப்சூல் மற்றொன்று. நாட்டு மருந்துக்கடையில் வாங்கும் அமுக்கராத் (அஸ்வகந்தா) தூள் மூன்றாவது. நான் கிளினிக் குளிசையை எடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும். ஆனால் மூலிகை வேலை செய்யாது என்பதால் நான் அதை ஒதுக்கவில்லை.

வேலை செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் பற்றி 2008இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, 29 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபற்றிய 5489 நோயாளர்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்து, அம்மூலிகை வெற்று மாத்திரையைவிட மேலானது என்றும், வழக்கமான மனச்சோர்வு மருந்துகளுக்கு ஏறக்குறைய நிகரானது என்றும், பக்கவிளைவுகளால் மருந்தை இடைநிறுத்தியவர்கள் மூலிகைப் பக்கத்தில் குறைவு என்றும் முடிவு கூறியது. ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகள் மற்ற நாடுகளின் ஆய்வுகளைவிடக் கூடுதலாகச் சாதகமாக இருந்தன என்பதையும் அதே மீளாய்வு குறிப்பிடுகிறது.

அமுக்கராவின் நிலை வேறு. மன இறுக்கம், பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கு அது உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சில கூறுகின்றன. மனச்சோர்வு நோய்க்கு அதை மட்டும் நம்பியிருக்கப் போதிய ஆதாரம் இல்லை. இரவில் பாலில் கலந்து குடித்தால் நல்ல தூக்கம் வருகிறது என்று சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அது தைரொயிட் சுரப்பை உயர்த்தக்கூடியது, சீனி வியாதிக் குளிசையோடும் பிரஷர் குளிசையோடும் சேரும்போது சீனியையும் பிரஷரையும் அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடியது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது, அரிதாக ஈரலைப் பாதித்து மஞ்சட்காமாலையை உண்டாக்கியதாகவும் பதிவுகள் உள்ளன. டென்மார்க் 2023இல் அதைத் தடை செய்தது. கண் மஞ்சளாவதோ, சிறுநீர் கடும் நிறமாவதோ, உடல் அரிப்பதோ கண்டால் தூளை அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

குங்குமப்பூவை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை. நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை ஈரானில் நடந்த சிறிய ஆய்வுகள். தவிரவும், சாயமேற்றிய போலி நார்கள் தாராளமாகக் கலக்கும் ஒரு பொருளை மருந்து என்று நம்பி வாங்குவது கையிலுள்ள காசைப் பொறுத்த விடயம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு காரணம்தான்: ஏற்கெனவே உடலுக்குள் போய்க்கொண்டிருக்கும் மற்ற மருந்துகள். நான் பிரஷருக்கு அம்லோடிபினும், கொலஸ்ட்ரோலுக்கு அடோர்வஸ்டாட்டினும் எடுப்பவன். செயின்ட் ஜோன்ஸ் வோர்ட், மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அவற்றுள் முக்கியமானது சைப் 3ஏ4 எனப்படும் நொதி. இன்று எழுதிக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஏறத்தாழப் பாதி அதன் வழியாகவே கழிகின்றன. நொதி வேகம் பிடித்ததும், விழுங்கிய குளிசை இரத்தத்தில் நிற்கவேண்டிய அளவு நில்லாமல் போய்விடுகிறது. குளிசையைத் தவறாமல் போட்டுக்கொண்டே பிரஷர் ஏறும். கப்சூல்தான் காரணம் என்று எவருக்கும் தோன்றாது.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சம் அன்று. எச்ஐவி மருந்தாகிய இண்டினவிரின் இரத்த அளவு இம்மூலிகையால் பாதிக்கும் மேலாகக் குறைந்ததை 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டில், மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவர் இதனை எடுத்ததால், நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தாகிய சைக்லோஸ்போரினின் அளவு வீழ்ந்து, பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியதாகவும் பதிவாயிற்று. கண்டியில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கப்சூலைக் கையால் தொடவும் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்கான டிஜொக்சின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், கருத்தடைக் குளிசை, பெண்கள் கையில் தோலுக்கடியில் வைத்துக்கொள்ளும் கருத்தடைக் குச்சி ஆகிய எல்லாவற்றின் பலனையும் அது குறைக்கும். கப்சூலை நிறுத்திய பின்னரும் இந்த விளைவு தணிய இரண்டு வாரம் வரை ஆகும்.

நம் பக்கத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது என்பேன். எங்கள் வீட்டில் மருந்து இருப்பது பழைய பிஸ்கட் டின்னில்: என்னுடைய பிரஷர் குளிசை, அம்மாவின் தைரொக்சின், எவருக்கோ இருமலுக்கு வாங்கிய பாணி, பார்மசிக்காரர் பேனாவால் கோடு போட்டுத் தந்த பெயரில்லாத கடதாசி உறைகள். லயத்தில் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த போத்தல் நான்கு வீடுகளுக்குப் பயணம் போகும். “எனக்கு நல்லாக் கேட்டிச்சி, நீயும் போட்டுப் பாரு” என்று பாசத்தோடு கொடுக்கப்படும் கப்சூல், கையில் கருத்தடைக் குச்சி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எந்த லேபலும் தமிழில் சொல்வதில்லை.

கிளினிக் குளிசைக்கும் குறைகள் உண்டு. தொடக்கத்தில் வயிற்றுக் குமட்டலும் ஒருவித அமைதியின்மையும் இருந்தன. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும் என்பதால் அந்த இடைவெளி பெரும் சோதனை. பாலுணர்வு குறைவதும் பலருக்கு நேர்வதுண்டு. கொழுந்து பறிப்பவர் கிளினிக் நாளன்று ஒரு நாள் பேரை (நாட்கூலியை) இழக்கிறார் என்ற கணக்கையும் ஒதுக்கிவிட முடியாது. ஃபுளுவோக்செடினும் சில மருந்துகளோடு மோதும்தான். இருந்தாலும், கிளினிக் கொப்பியில் என் எல்லாக் குளிசைகளும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டவோ குறைக்கவோ ஒருவர் இருக்கிறார். மருந்து தொடங்குமுன் அவர் இரத்தப் பரிசோதனையும் எழுதினார். தைரொயிட் குறைவும் இரத்தச்சோகையும் மனச்சோர்வுபோலவே தோற்றம் காட்டக்கூடியவை. தோட்டங்களில் இரத்தச்சோகை எவ்வளவு சாதாரணம் என்பது எல்லோரும் அறிந்ததே. அப்படிப்பட்டவருக்கு எந்த மூலிகையைக் கொடுத்தும் பயனில்லை, தேவைப்படுவது இரும்புச்சத்து.

மூலிகையை நான் முற்றாகக் கைவிடவில்லை. வல்லாரைச் சம்பலும் இலைக்கஞ்சியும் வழக்கம்போல எங்கள் வீட்டில் உண்டு. உணவாகச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் செறிவாக்கி அடைத்த வல்லாரைக் கப்சூலை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இன்னொன்று: ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மஞ்சளாகப் பூக்கும் செடியைக் காட்டி இதுவும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட்தான் என்பார்கள். அது அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு தாவரம்; ஆய்வு செய்யப்பட்டது அதுவன்று. தேசியப் பூங்காவில் அதைப் பறிப்பதும் குற்றம்.

வேறெந்த மருந்தும் எடுக்காத, இலேசான மனச்சோர்வுள்ள ஒருவர் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட்டைத்தான் எடுப்பேன் என்றால் நான் தடுக்கமாட்டேன். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது, ஹைபரிசின் என்னும் உட்கூறு 0.3 வீதம் என்று நிர்ணயித்த 300 மில்லிகிராம் சாறு, நாளுக்கு மூன்று வேளை. லேபலில் அந்த விபரம் இல்லாத போத்தலை வாங்க வேண்டாம். அதை ஃபுளுவோக்செடின், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளோடோ, டிரமடோல் வலிக்குளிசையோடோ, டெக்ஸ்ட்ரோமெதோர்பன் கலந்த இருமல் பாணியோடோ ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று உயிராபத்து வரை போகலாம். ஃபுளுவோக்செடினை வைத்தியரின் சொற்படி நிறுத்தியவரும் ஐந்து வாரம் பொறுத்தே கப்சூலைத் தொடங்க வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தில் இருந்த காலம் உண்டென்றால் குளிசையோ கப்சூலோ எதைத் தொடங்குமுன்னும் அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இரண்டுமே அந்நிலையைத் திரும்பக் கிளப்பிவிடக்கூடியவை. ஆறு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் போத்தலையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போவதே சரி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஆறு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.