திட்ட அறிக்கையா, ஒற்றைத் தாளா, 500 ரூபாயா?

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். அப்பாவுக்கு நெல் சாகுபடி, இல்லையென்றால் அடுத்தவர் வயலில் வேலை, இல்லையென்றால் திருபுவனத்தில் தறி. தொழில்முனைவு என்று ஒரு பாடம் இவர்களுக்கு உண்டு. ஒரு யோசனை தேறுமா தேறாதா என்று எடைபோட வேண்டும். தேறும் என்றால் பணம் தரக்கூடியவர் முன்னால் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கற்றுக்கொடுக்க மூன்று வழிகளை நடத்திப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, எங்கே கைவிடுகிறது என்று வைத்துப் பார்க்கிறேன்.

திட்ட அறிக்கை

பழைய வழி இதுதான். இயந்திர விலை, மூலப்பொருள், ஆள் கூலி, ஐந்து வருட லாப நட்டக் கணக்கு, எவ்வளவு விற்றால் கையைக் கடிக்காமல் நிற்கும் என்ற சமநிலைப் புள்ளி என்று நாற்பது பக்கம் எழுத வேண்டும். இதை இளக்காரமாகப் பார்க்க முடியாது. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். புதுத் தொழில்முனைவோருக்கான தமிழ்நாட்டு அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத முதலீட்டு மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்று நல்ல உதவி இருக்கிறது. அதற்கும் இந்த அறிக்கைதான் வாசல்.

ஆனால் எடைபோடக் கற்றுத்தருவதில் இது மோசம். எந்த அறிக்கையைப் புரட்டினாலும் முதல் ஆண்டு உற்பத்தித் திறனில் 60 சதவீதம், இரண்டாம் ஆண்டு 70, மூன்றாம் ஆண்டு 80 என்று இருக்கும். அந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்கள். போன வருடத்து அறிக்கையிலிருந்து வந்திருக்கும். இந்தத் தொழில் வேண்டாம் என்று எழுதுவதற்கு அந்த நாற்பது பக்கத்தில் ஓர் இடம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

ஒற்றைத் தாள்

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர், தன் பேராசிரியர் ஈவ் பின்யூருடன் சேர்ந்து உருவாக்கிய முறை. முழுத் தொழிலையும் ஒரே தாளில் ஒன்பது கட்டங்களுக்குள் எழுதிவிட வேண்டும்: யாருக்கு விற்கிறோம், அவர்களுக்கு என்ன நன்மை, எந்த வழியாகப் போய்ச் சேரும், வரவு எது, செலவு எது, யாருடைய துணை வேண்டும், இப்படி. ஒரு சார்ட் தாளைச் சுவரில் ஒட்டினால் ஒரு பீரியடில் முடியும். எந்தக் கட்டம் காலி என்று கடைசி பெஞ்சிலிருந்தே தெரியும். எழுதியதை அழிக்க யாருக்கும் மனம் வலிக்காது. நாற்பது பக்கத்தை அழிக்கச் சொன்னால் எந்த மாணவர் சம்மதிப்பார்?

சிக்கல் என்னவென்றால் ஒன்பது கட்டத்தையும் வகுப்பறையை விட்டு நகராமலே நிரப்பிவிடலாம். 'வாடிக்கையாளர்' என்ற கட்டத்தில் ஒரு குழு 'விவசாயிகள்' என்று எழுதியது. எந்த விவசாயி? பம்புசெட் வைத்துக் குறுவையும் போடுகிறவரா, மேட்டூர்த் தண்ணீரை நம்பிச் சம்பா மட்டும் போடுகிறவரா, குத்தகைக்காரரா, கடைமடைக்காரரா? இவர்கள் நான்கு பேரும் வேறு வேறு வாடிக்கையாளர்கள்.

அமெரிக்காவில் ஸ்டீவ் பிளாங்க் 2011இல் ஸ்டான்ஃபோர்டில் இந்தத் தாளை வைத்தே பாடம் நடத்தினார். ஆனால் மாணவர்கள் வாராவாரம் வெளியே போய் வாடிக்கையாளர்களிடம் பேசிவிட்டு வந்து தாளைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தம்தான் உயிர். நானும் அந்தக் குழுவை நீடாமங்கலம், வலங்கைமான் பக்கம் அனுப்பினேன். நெல் அறுவடை இயந்திரத்தை முன்பதிவு செய்ய ஒரு செயலி செய்வது அவர்கள் யோசனை. முதல் வாரம் "இப்படி ஒரு ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா ஐயா?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள். இருபது பேரில் இருபது பேரும் "ரொம்ப நல்லா இருக்கு தம்பி, செய்யுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் வீடு தேடி வந்த பிள்ளையிடம் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அடுத்த வாரம் செயலி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். போன சம்பாவில் வண்டி எப்படிக் கிடைத்தது, டயர் வண்டியா செயின் வண்டியா, மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை நாள் காத்திருந்தீர்கள், பணத்தை எப்போது கொடுத்தீர்கள்? நடந்ததை மட்டும் கேட்டார்கள். கடைசிக் கேள்வியில்தான் விஷயம் வெளியே வந்தது. ஊரில் உள்ள புரோக்கர் வண்டி பிடித்துத் தருவதோடு நிற்பதில்லை. வண்டிக்காரருக்குத் தன் கையிலிருந்து பணத்தைக் கொடுத்துவிட்டு, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குக் காசு கணக்கில் ஏறிய பிறகுதான் விவசாயியிடம் வாங்கிக்கொள்கிறார். செயலியால் அந்தக் கடனைத் தர முடியாது. அவர்களுக்கு உண்மையான போட்டி அந்தக் கடன்தான்.

500 ரூபாய்

ஸ்டான்ஃபோர்டில் டினா சீலிக் என்ற பேராசிரியர் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உறையில் ஐந்து டாலர் கொடுத்தார். உறையைத் திறந்த பிறகு இரண்டு மணி நேரம். எவ்வளவு சம்பாதிக்க முடியுமோ சம்பாதியுங்கள். மிக அதிகமாக, 650 டாலர் சம்பாதித்த குழு அந்த ஐந்து டாலரைத் தொடவே இல்லை. வகுப்பில் தாங்கள் பேசுவதற்குக் கிடைத்த மூன்று நிமிடத்தை, அந்த மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். நான் இதைக் குழுவுக்கு 500 ரூபாய், நான்கு வாரம் என்று மாற்றிக்கொண்டேன்.

இரண்டு மாணவிகள் கருப்புக் கவுனிக் கஞ்சி மாவு போட்டார்கள். பாக்கெட் போட்டு விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். ஒருத்தியின் அம்மா மகளிர் குழு வழியாக ஏற்கெனவே பதிவு வைத்திருந்தார். 250 கிராம் பாக்கெட்டின் விலை 100 ரூபாய். தாளில் போட்ட கணக்குப்படி அரிசியும் பயறும் 52, பையும் லேபிளும் 8, மீதி 40 லாபம். விற்க இறங்கிய பிறகு கடைக்காரர் 20 எடுத்துக்கொண்டார். வறுக்க, அரைக்க 6. வறுத்ததில் குறைந்த எடைக்கு 4. நின்றது 10 ரூபாய். வந்த காசையே திரும்பப் போட்டு 7, 8, 9, 10 என்று நான்கு வாரத்தில் 34 பாக்கெட் விற்றார்கள். 500 ரூபாய் 840 ஆனது. வாரம் அரை நாள் இரண்டு பேர் உழைத்ததற்கு அந்த 340 ரூபாய் லாபத்தைப் பங்கிட்டால், ஒருத்திக்கு அரை நாளுக்கு 50 ரூபாய்கூட இல்லை. "எங்கம்மா நடவுக்குப் போனாலே இதைவிடக் கூட வாங்குவாங்க சார்" என்றாள் ஒருத்தி. மூன்று வருடம் அடக்கவிலைக் கணக்கியல் நடத்தியும் என்னால் புரியவைக்க முடியாத 'உழைப்புக்கும் விலை உண்டு' என்பதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். இன்னொன்றும் குறித்து வைத்திருந்தார்கள்: இரண்டாம் முறை வாங்கியவர்கள் 9 பேர், எல்லோரும் வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள். அப்புறம் கடையை விட்டுவிட்டு நேராக வீட்டுக்கே கொடுக்கத் தொடங்கினார்கள். கடைக்காரருக்குப் போன 20 ரூபாய் கைக்குத் திரும்பியது.

சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், அனுபவம் முற்றிய 27 தொழில்முனைவோர் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். எவ்வளவு கிடைக்கும் என்பதை விட, எவ்வளவு போனால் தாங்குவோம் என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள் என்று கண்டார். எங்கள் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் அந்த 500 துறையிலிருந்து வர வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் தாங்க முடியாத பிள்ளைகள் முதல் நாளே ஒதுங்கிவிடுவார்கள். இந்த முறைக்கும் எல்லை உண்டு. வைக்கோல் கட்டும் இயந்திரத்தையோ குளிர்பதனக் கிடங்கையோ 500 ரூபாயில் சோதிக்க முடியாது. விட்டால் எல்லாக் குழுவும் மோரும் சுண்டலும் விற்கும்.

எந்த முறையானாலும் மாதத்தைப் பார்க்க வேண்டும். ஆடியில் பணம் வயலுக்குப் போகும். தையில் வயலிலிருந்து வரும். ஆடியில் கிராமத்தில் விற்காத பொருள் மாசியில் விற்கலாம். அதனால் கிராமத்தில் விற்கும் யோசனைகளை தை, மாசி வரும் இரட்டைப்படை செமஸ்டரில்தான் சோதிக்க விடுகிறேன்.

எடுத்துச் சொல்வது: மேடையா, மேசையா?

பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது பாயின்ட் அளவில் எழுத்து என்று அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்ன விதி கல்லூரிகளில் புகழ்பெற்றது. அது வேகமாக வளரும் நிறுவனத்தில் பங்கு கேட்கும் முதலீட்டாளருக்கானது. புத்தொழில்களுக்குத் தமிழ்நாட்டு அரசு தரும் டான்சீட் தொடக்க நிதிக்குப் போகிற குழுவுக்கு அந்தப் பயிற்சி தேவை, தருகிறேன். ஆனால் என் மாணவர்களில் பெரும்பாலோர் உட்காரப்போவது வங்கி மேலாளரின் மேசைக்கு எதிரே, இல்லையென்றால் அம்மாவின் மகளிர் குழுக் கூட்டத்தில். அங்கே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தவணையை எப்படிக் கட்டுவாய்? அதற்கு ஸ்லைடு உதவாது. யார் வாங்கினார்கள், எத்தனை, ஒன்றுக்கு என்ன நிற்கிறது, எனக்கு எவ்வளவு வேண்டும் என்று நான்கு வாக்கியம், தமிழில். மேடையில் ஆங்கிலத்தில் திக்கித் திணறி, தான் உருவாக்கிய பொருளையே சொல்ல முடியாமல் கண்கலங்கி இறங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குறை இல்லை.

இப்போது என் வரிசை இதுதான்: முதலில் 500 ரூபாய், பிறகு ஒற்றைத் தாள், திட்ட அறிக்கை கடைசியில், அதுவும் தேறிய யோசனைக்கு மட்டும். அறுவடைச் செயலிக் குழு தன் யோசனையைக் கைவிட்டது. ஏன் கைவிட்டோம் என்று ஆதாரத்தோடு எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அக மதிப்பீட்டில் முழு மதிப்பெண் போட்டேன்.

கவுனி மாவு மாணவிகளை, வறுக்கும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டு வர முதலில் தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமுக்கு அனுப்பினேன். பிறகு வங்கிக்குப் போனார்கள். மேலாளர் கேட்டது, "இதுவரை எத்தனை வித்தீங்க?" விற்பனைக் கணக்கு நோட்டைப் பிரித்து நீட்டினார்கள். அவர் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்து வரிவரியாகப் படித்துவிட்டு, திட்ட அறிக்கை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். போன வாரம்தான் எழுதி முடித்தோம். முதல் ஆண்டு விற்பனை என்ற இடத்தில் 60 சதவீதம் இல்லை. அந்த ஒன்பது வீடுகளிலிருந்து தொடங்கிப் போட்ட கணக்கு இருக்கிறது.