போர்டு அவுட் ஆனவனைத் திரும்பப் பட்டாளத்தில் சேர்க்கிறேன் என்றார்கள், ரூ.1,85,000 போச்சு

முந்தாநாள் காலை ஆறு மணிக்குக் கருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ராணுவ ஆஸ்பத்திரி கேட்டில் போய் நின்றேன். கையில் மூன்று சிங்கம் போட்ட கடிதம். கேட்டில் இருந்த ஹவில்தார் தமிழ்க்காரர்தான். கடிதத்தை இரண்டு தடவை படித்தார், என் முகத்தைப் பார்த்தார். "யாரு தம்பி உனக்கு இதைக் கொடுத்தது?" என்றார். அந்தக் காகிதத்துக்கு நான் கொடுத்த விலை ரூ.1,85,000.

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல மனநலக் காரணத்துக்காக வெளியே வந்தவர்களோ அவர்கள் வீட்டு ஆட்களோ படித்தால் போதும். எங்கே போகணும், என்ன செய்யணும் என்பதையெல்லாம் கடைசியில் விவரமாகத் தருகிறேன். முதலில் நடந்தது.

மெட்ராஸ் ரெஜிமெண்ட். வெல்லிங்டனில் டிரெயினிங், மொத்தம் ஏழு வருஷம் சர்வீஸ். கடைசியாக இருந்தது காஷ்மீரில் குப்வாரா பக்கம். அங்கே நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கவில்லை, ஒரு நாள் சென்ட்ரி டியூட்டியில் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். கம்பெனியில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், துணைக்கு ஆள் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டிப்ரஷன் என்று எழுதி, எஸ்-3, 24 வாரம் என்று தற்காலிகக் கேட்டகரி கொடுத்தார்கள். ஆயுதத்தைத் தொடக்கூடாது.

தெரியாதவர்களுக்கு: ராணுவத்தில் ஆளை 'ஷேப்' என்று ஐந்து எழுத்தில் அளப்பார்கள். முதல் எழுத்து எஸ், அது மனசு. அப்புறம் காது, கை கால், உடல் திறன், கண். எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினால் ஷேப் ஒன், முழுத் தகுதி. ஐந்து விழுந்தால் வீடு. எனக்குக் கடைசியில் எஸ்-5. இன்வாலிடிங் போர்டு, அதாவது சர்வீஸுக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்யும் டாக்டர்கள் குழு, உட்கார்ந்து அனுப்பிவிட்டார்கள். இதற்குத்தான் போர்டு அவுட் என்று பேர். ஊரில் வேறு பேரும் வைத்திருக்கிறார்கள், அது உங்களுக்கே தெரியும்.

போர்டு பேப்பரில் இயலாமை 40 சதவீதம் என்று போட்டுவிட்டு, இந்த நோய் சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் கூடியதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். பட்டாளத்தில் இதை இங்கிலீஷ் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'நானா' என்பார்கள். நானா விழுந்தால் டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது. மறுப்புக் கடிதமும் வந்தது. ஆறு மாதத்துக்குள் அப்பீல் போடலாம் என்று அதிலேயே இருந்தது. இந்த ஆறு மாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பென்ஷன் எல்லாம் மண்டையில் ஏறவே இல்லை. திரும்பப் போகணும், அவ்வளவுதான். டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். ராத்திரி தூக்கம் வருகிறது. விடியற்காலையில் எழுந்து ஓடுகிறேன், 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் முடிக்கிறேன். அப்புறம் எனக்கு என்ன குறை என்றுதான் தினமும் நினைப்பேன்.

அந்த நேரத்தில்தான் கேண்டீனுக்குப் போகிற வழியில் சுவரில் ஒரு நோட்டீஸ். முன்னாள் ராணுவத்தினருக்கு மறுசேர்ப்பு வழிகாட்டும் மையம், மெடிக்கல் கேட்டகரி உயர்த்தித் தரப்படும் என்று. பேரைப் போட மாட்டேன், வக்கீல் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். பஸ் ஸ்டாண்டு எதிரே, பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறை. சுவரில் எங்கள் ரெஜிமெண்ட் யானைச் சின்னம், கண்ணாடிச் சட்டத்துக்குள் நாலு மெடல், பழைய குரூப் போட்டோ. உட்கார்ந்திருந்தவர் ரிட்டயர்டு சுபேதார் என்றார். அதனால் அவரை நான் முதலிலிருந்தே சாப் என்றுதான் கூப்பிட்டேன்.

ஃபைலை மேஜை மேல் வைத்தேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, என் தோளில் கை வைத்து, மெதுவாக "வீர மதராசி" என்றார்.

என் வாய் தானாகச் சொன்னது, "அடி கொல்லு, அடி கொல்லு."

எட்டு மாதமாக அந்த வார்த்தையை எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியே உடைந்து அழுதேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "நீ என்ன பைத்தியமாப்பா? எவன் சொன்னான்? பனியில நின்னா எவனுக்கும் தூக்கம் போகும். இதுக்குப் போயி வீட்டுக்கு அனுப்புவாங்களா?" என்றார். என் சொந்த அண்ணன்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அந்த இடத்தில் அவர் இரண்டு கிட்னியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அந்தப் போர்முழக்கம் ஃபோனில் ஆயிரம் வீடியோவில் கிடக்கிறது, எந்தப் பயலும் கற்றுக்கொள்ளலாம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

திட்டத்தைச் சொன்னார். ரிவ்யூ போர்டில் எஸ்-1 வாங்கித் தருவாராம். அதை வைத்து ரெக்கார்ட்ஸ் ஆபீசில் டிஸ்சார்ஜை ரத்து செய்து ஆர்டர் போடுவார்களாம். "உள்ள நம்ம ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க." பட்டாலியனுக்கு முடியாவிட்டால் டி.எஸ்.சி.யில் (ராணுவ இடங்களைக் காவல் காக்கும் படை, முன்னாள் சிப்பாய்களை எடுப்பார்கள்) போட்டுவிடுவாராம், அது கேரண்டியாம். ஃபைல் திறக்க ரூ.15,000. போர்டுக்கு ரூ.70,000. ஆர்டர் கையில் வரும் முன்பு ரூ.1,00,000. முதல் இரண்டும் குரூப் இன்சூரன்ஸில் வந்த பணத்தின் மீதி. கடைசி லட்சத்துக்கு அம்மாவின் செயின் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய அடி வேறு. அப்பீல் பற்றி நான்தான் கேட்டேன். "போடவே போடாதே" என்றார். "பென்ஷன் கேட்டா, நோய் இருக்குன்னு நீயே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கற மாதிரி. அப்புறம் எவன் திரும்ப எடுப்பான்?" எவ்வளவு நியாயமாகக் கேட்கிறது பாருங்கள்! நான் போடவில்லை. போர்டு பேப்பர் ஒரிஜினலையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். ஆறு மாதமும் போச்சு.

பணம் போன பிறகு சாக்குகள். போர்டு தள்ளிப் போயிருக்கிறது. பெரிய டாக்டர் லீவில் இருக்கிறார். எலெக்ஷன் டியூட்டி. ஃபைல் டெல்லியில். "தம்பி, பட்டாளத்துல இருந்தவன்தானே நீ, பொறுமை வேண்டாமா?" ஒரு தடவை நானே நேரில் போனேன். டீ வாங்கிக் கொடுத்து, முடி வெட்டிக்கோ, ஷூ பாலிஷ் போட்டு வை, கூப்பிடுவாங்க என்று அனுப்பினார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், போகிற வழியிலேயே முடி வெட்டிக்கொண்டேன்.

போன வாரம் அந்தக் கடிதம் வந்தது, போர்டுக்கு வரச் சொல்லி. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டி கட்டினேன்.

கேட்டில் அந்த ஹவில்தார் விரலை வைத்துக் காட்டினார். என் ராணுவ எண்ணுக்குக் கடைசியில் வர வேண்டிய எழுத்து இல்லை. ஏழு வருஷம் எழுதிய நம்பர், எனக்கே கண்ணில் படவில்லை. போர்டு தேதியோ ஞாயிற்றுக்கிழமை. "ஞாயித்துக்கிழமை எந்த போர்டு தம்பி உட்காரும்?" என்றவர், பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்து, பஸ் ஏற்றியும் விட்டார்.

நேற்று அந்த மாடிக்குப் போனேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் "சார் வெளியூர்" என்றாள். வேறு நம்பரிலிருந்து அடித்தேன், எடுத்தார். "நீ கொடுத்தது கன்சல்டேஷன் ஃபீஸ். வேலை தர்றேன்னு எங்கயாவது எழுதிக் கொடுத்திருக்கேனா?" ரூ.1,85,000 கன்சல்டேஷனா என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்னது: "கத்தாதே. உன் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குப் போ, முதல்ல உன்னைத்தான் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க."

முதல் நாள் "நீ என்ன பைத்தியமாப்பா" என்று கேட்டது இதே வாய்தான்.

அங்கிருந்து நேராக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இத்தனை நாள் ஏன் போகவில்லை என்றால் வெட்கம்தான். அங்கே ஒருவர் ஒரு பைசா வாங்காமல் அரை மணி நேரம் உட்கார வைத்து விளக்கினார். சர்வீஸில் இருக்கும்போது தற்காலிகக் கேட்டகரியில் உள்ளவனை மறுபடி பார்த்து மேலே ஏற்றுவார்கள், அது நடக்கிற காரியம். போர்டு அவுட் ஆகி வெளியே வந்துவிட்டால் அந்தக் கதவு மூடியாச்சு. புதிதாகச் சேரலாம் என்றால் அக்னிவீர் வயசை நான் எப்போதோ தாண்டிவிட்டேன், வயசு இருந்தாலும் மனநோய் இருந்ததென்றால் மெடிக்கலிலேயே கழித்துவிடுவார்கள். கண்ணூர் டி.எஸ்.சி. சென்டரில் எடுப்பதும் ஷேப் ஒன் ஆட்களைத்தான். வெளியே வந்தவனுக்கு மறுபடி போர்டு வைப்பது பென்ஷனுக்குச் சதவீதம் பார்க்க, திரும்ப எடுக்க இல்லை. பணம் கொடுத்து மாற்ற இதில் எதுவுமே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம்: சேரும்போது எழுதப்படாத நோய் பின்னால் வந்தால் சேவையில் வந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளணும், இல்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது ராணுவம்தான், சிப்பாய் இல்லை. என் கேஸுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வக்கீல் பார்க்கட்டும். தாமதத்துக்குக் காரணம் எழுதி இப்போதும் அப்பீல் போட்டுப் பார்க்கலாம், அதுவும் நடக்காவிட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது என்றார். இதை எட்டு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் எனக்குப் பஸ் டிக்கெட்டோடு முடிந்திருக்கும்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பேப்பரை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். என்னுடையது மாட்டிக்கொண்டதால் இப்போது ரெக்கார்ட்ஸுக்கு எழுதி நகல் கேட்கப் போகிறேன். அப்பீல் போடாதே என்று எவனாவது சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். ஃபோனில் பணம் அனுப்பி ஏமாந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நான் நேற்று அடித்தேன், எப்போ அனுப்பினீங்க என்று கேட்டார்கள், பதில் சொல்ல நாக்கு வரவில்லை. ரூ.1,85,000-க்கு என் கையில் இருக்கும் ரசீது ரூ.15,000-க்கு ஒரு துண்டுச் சீட்டு, அதிலும் சீல் இல்லை. ராத்திரி ரொம்பக் கஷ்டமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடியுங்கள், தமிழிலேயே பேசுகிறார்கள்.

சரி, ஸ்டேஷனுக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் கூட வருகிறான். அம்மாவுக்கு நான் டியூட்டியில் சேர்ந்துவிட்டேன் என்றுதான் இன்னும் நினைப்பு, பெட்டி அண்ணன் வீட்டில் இருக்கிறது.